மரிசெல்லுக்கு வந்த இரண்டு அழைப்புகள்

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனை வைத்த பிறகு நான் வெகுநேரம் குசினி யன்னலடியில் நின்றேன். ஏரிப் பக்கம் ஒரே மூட்டம். கீழே, கார் நிறுத்தும் இடத்தின் மூலையில், அந்தப் பழைய கூடைப்பந்து வளையம் வலை இல்லாமல் நின்றது. விட்பியில் இருந்து நீ எடுத்தால் ஒரு மணித்தியாலம் சளைக்காமல் கதைக்கிறவள் நான். ஆனால் இதை ரெலிபோனில் சொல்ல எனக்கு வாய் வராது. உன் முகத்தைப் பார்த்தால் அதுவும் முடியாது. அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை தோறும் உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் ஒரு பலன் கிடைக்கப் போகிறது. எழுத்துக் கூட்டியாவது வாசி. புது வீட்டுக் குடிபூரலுக்கு ஆட்களுக்குச் சொல்வதையும் சாமான் வாங்குவதையும் கொஞ்சம் நிறுத்திவிட்டு, தனியே இருந்து வாசி.

நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அம்மா, மணிலாவில இருந்து மரிசெல்லுக்குக் கோல் வந்தது. அவவின்ர பழைய கப்டன். இப்ப அவதான் நஷனல் ரீமைப் பாக்கிறா. திரும்பி வந்து விளையாடச் சொல்லிக் கேக்கிறா. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணுமாம். நான் இன்னும் இவவுக்குச் சொல்லேல்லை. வாற ஞாயிற்றுக்கிழமை குடிபூரல் முடியட்டும், ஆறுதலாச் சொல்லுவம். நீங்களும் வாயைத் திறக்காதேங்கோ." நான் "ஓம்" என்றேன். பிறகு, ஏதோ நினைவு வந்தவன் போல நீ கேட்டாய்: "முந்தியும் ஒருக்கா எடுத்தவையாம், எங்கட கலியாணத்துக்குக் கொஞ்சம் முன்னம். இவ திருப்பி எடுக்கேல்லை எண்டு கப்டன் குறைப்பட்டவ. உங்களுக்கு ஏதும் தெரியுமோ?" நான் "தெரியாது" என்றேன். அது பொய் தம்பி. எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் அதைச் சொல்லத்தான். ஆனால் நான் நேராக விஷயத்துக்கு வருகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரிந்ததே. என்னை என் வழியில் விடு.

நாங்கள் ரொறன்ரோவில் பார்க்டேலுக்கு வந்த இரண்டாவது பனிக்காலம். விடிய ஆறு மணிக்கு, இன்னும் நித்திரை முழுதாகக் கலையாத நேரத்தில், ஒரு சத்தம் கேட்கும். டொக், டொக், டொக். சில நாள் யாரோ தூரத்தில் கதவைத் தட்டுவது மாதிரி இருக்கும். சில நாள் அந்தச் சத்தம் என் கனவுக்குள்ளேயே வந்துவிடும். கனவில் நான் எங்கே போனாலும் அது பின்னால் வரும். ஒரு நாள் எழும்பி யன்னலால் பார்த்தேன். ஆறாம் மாடியில் இருந்து பார்க்க, விளக்குக் கம்பத்தின் மஞ்சள் வெளிச்சத்தில், மெல்லிய ஸ்னோவுக்குள், பெரிய சிவப்பு ஜக்கெட் போட்ட ஒரு சின்னப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடின இடமெல்லாம் தரை கறுப்பாகத் தெரிந்தது, மற்ற இடமெல்லாம் வெள்ளை. தேத்தண்ணி ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு கிழமைக்குப் பிறகு வளையத்துக்குக் கீழே இன்னொரு உருவம் தெரிந்தது. அவள் எறிய எறிய, அந்த உருவம் பந்தைப் பிடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தது. தொப்பியைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. நான் பின்னிய தொப்பி. உன் அப்பாவும் வந்து எட்டிப் பார்த்தார். "லைப்ரரிக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு உவன் உங்கை பந்து பொறுக்கிறான்" என்றார். விடிய ஆறு மணிக்கு எந்த லைப்ரரி திறக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நீ எங்களுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

ஒன்று சொன்னால் நீ சிரிப்பாய். பதின்மூன்று வயதுக்குப் பிறகு நான் ஓடினதே இல்லை. பெரியபிள்ளையான நாளோடு ஓட்டம் நின்றுவிட்டது. பிறகு ஊரில் குண்டு விழும்போது பங்கருக்குள் இறங்க ஓடியிருப்பேன், ஆனால் அது ஓட்டமில்லை, பயம். ரொறன்ரோவில் ஒரு நாள் குவீன் தெருவில் ஸ்ரீற்கார் புறப்படப் பார்த்தது. வேலைக்குப் பிந்திவிடும் என்று பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினேன். சாரதி எனக்காக நிறுத்தினான். ஏறி இருந்து மூச்சு வாங்கும்போது வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. முப்பத்தொன்பது வயதில், தெருவில், ஒரு காரணத்துக்காக ஓடிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை யன்னலால் பார்க்கும்போது நான் வேறு மாதிரிப் பார்த்தேன்.

அவள் மரிசெல். தாய் தெஸி யாரோ ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவைப் பராமரிக்கிற வேலைக்கு முதலில் தனியே வந்து, வருஷக்கணக்காகக் காத்திருந்து, பதினான்கு வயது மகளை மணிலாவில் இருந்து எடுப்பித்தாள். அந்த ஊரில் எல்லா ஒழுங்கையிலும் ஒரு வளையம் இருக்குமாம், பிள்ளைகள் செருப்போடு விளையாடுவார்களாம். இங்கே பள்ளிக்கூட அணியில் அவள் உயரத்தைப் பார்த்துவிட்டு முதல் வருஷம் விளையாட விடாமல் வாங்கில் இருத்தினார்கள். ஐந்தடி இரண்டு அங்குலம். அடுத்த வருஷம் அவள் இல்லாமல் அந்த அணி விளையாடவில்லை. பதினெட்டு வயதில் மணிலாவில் ஒரு பல்கலைக்கழகம், வந்து விளையாடு, படிப்பை நாங்கள் பார்க்கிறோம் என்று எழுதியது. அவள் ஒரே ஒரு பையோடு போனாள். நீ மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. சோறு வேண்டாம், கறி வேண்டாம், கோர்ன் பிளேக்ஸ் மட்டும். கதவடியில் கோப்பையை வைத்துவிட்டு வருவேன். அந்த மூன்று நாளில் என் மனதுக்குள் ஒரு பயம் குடியேறியது. பிறகு நான் செய்த பிழைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பிறகு அவளுடைய ஆட்டங்களின் வீடியோக் கசெட்டுகள் வரத் தொடங்கின. உனக்குத்தான் அனுப்பினாள். நீ வகுப்புக்குப் போய்விடுவாய், அப்பா பிறம்ரன் வெயர்ஹவுசுக்குப் போய்விடுவார், எனக்கு நேர்சிங் ஹோமில் வேலை இரண்டரைக்குத்தான். பகல் ஒரு மணிக்கு நான் அவற்றைப் போட்டுப் பார்ப்பேன். உனக்கு இது தெரியாது. பார்த்து முடித்து, நீ விட்ட இடத்திலேயே திருப்பிச் சுற்றி வைத்துவிடுவேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பது. பெண்களின் ஆட்டம் ஆண்களின் ஆட்டத்துக்கு முதல் நடக்கும். பாதிக் கதிரைகள் வெறுமையாக இருக்கும், பின்னால் ஆட்கள் சாப்பாட்டுக் கடைகளை அப்போதுதான் திறந்துகொண்டிருப்பார்கள். அந்த வெறும் மண்டபத்தில், தேன் நிறத் தரையில், பத்துப் பெண்கள் சத்தமில்லாமல் ஓடுவார்கள். முதல் வருஷம் மரிசெல் ஓரமாக இருந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டாம் வருஷம் ஐந்து பேரில் ஒருத்தி. அவளுடைய கெட்டித்தனம் எறிவதில் இல்லை. இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் பந்தைக் கொடுப்பாள். வாங்குகிறவளுக்கே அது கைக்கு வந்த பிறகுதான் தெரியும். நான்காம் வருஷம் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தாள், கிண்ணத்துக்குப் பின்னால் ஆளே தெரியவில்லை.

அதற்குள் நாட்டின் அணியிலும் எடுத்துவிட்டார்கள். நீலச் சட்டை, ஒன்பதாம் இலக்கம். பக்கத்து நாடுகளுக்கெல்லாம் போனாள். எதிர் அணியில் பனை உயரப் பெண்கள். அவர்களுடைய கைகளுக்குக் கீழால் புகுந்து மறுபக்கம் வருவாள். தோற்ற ஆட்டங்கள்தான் கூடுதல். தோற்ற பிறகும் எதிரியோடு சிரித்துக் கைகொடுப்பாள். அந்த நாட்களில் எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. அந்தத் தேன் நிறத் தரையில் நான் ஓடுகிறேன். சேலை, வெறுங்கால். ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ பார்க்காமல் எனக்குப் பந்து தருகிறார்கள், அது என் கைக்குள் வந்து நிற்கிறது. முழித்தால் நெஞ்சு லேசாக இருக்கும். நேர்சிங் ஹோம் லோண்ட்றியில் ஒரு நாள் மடித்த தலையணை உறையை அந்தப் பக்கம் பார்க்காமலே எறிந்து, கூட வேலை செய்த பெண்ணின் முகத்தில் பட்டது. அவள் கோபிக்கவில்லை. நான்தான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கடைசி வருஷம், அந்தக் கிண்ணத்துக்குப் பிறகு, அவளுக்கு முழங்கால் போனது. நாட்டின் அணியில் இருந்து நிறுத்தி வைத்தார்கள். படிப்பை முடித்துக்கொண்டு தொண்ணூற்றாறில் அவள் திரும்பி வந்தாள். உன்னுடைய விருப்பத்தை நீ எங்களுக்குச் சொன்னாய். நாங்கள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். அவள் எங்களுடைய மேசையில் இருந்து, உன்னிடம் பழகின தமிழும் ஆங்கிலமுமாக, நேராகச் சொன்னாள்: "அன்ரி, முழங்கால் இப்ப நல்லா இருக்கு. ரீமில இருந்து கோல் வந்தா நான் போவன். அப்பிடியெண்டா வெடிங்கை அடுத்த வருஷம் வைப்பம். ஓகேயா?" நீ தலையாட்டினாய். அப்பா மேலே முகட்டைப் பார்த்தார். நான் அவளுடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டைப் போட்டு, "ஓம் பிள்ளை, அதுக்கென்ன" என்றேன். அவளும் தெஸியும் இருந்த பேஸ்மென்றில் சொந்தமாக ரெலிபோன் இல்லை. அதனால் அவள் மணிலாவுக்குக் கொடுத்தது எங்கள் வீட்டு நம்பரை.

கலியாணத்துக்கான பொன்னுருக்குக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, நீயும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டீர்கள். நான் பயற்றம் பணியாரத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. மாக் கையோடு எடுத்தேன். மணிலாவில் இருந்து ஒரு மனிதன், மரியாதையான குரல். ஒரு இடம் இருக்கிறது, முழங்கால் அறிக்கையைப் பார்த்தோம், எங்களுக்குத் திருப்தி, அடுத்த கிழமை பயிற்சிக்கு வரவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லுங்கள் என்றான். நம்பரை இரண்டு தரம் சொன்னான். கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து எழுதினேன். கடைசியில் கேட்டான், நீங்கள் அவளுடைய அம்மாவா என்று. நான் ஆம் என்றேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

தாளை மடித்துப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் சொருகினேன். அவரையும் என் களவுக்குக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். நல்ல காரியம் முடியட்டும், பிறகு சொல்லுவோம். இது எங்கள் ஆட்களின் வாயில் ஊறிப்போன பேச்சு. உன் சித்தியின் கலியாணத்தின்போது எங்கள் பெரியப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தார். அவளைத் தூக்கி வளர்த்தவர். தாலி ஏறட்டும் என்று எல்லோரும் மறைத்தோம். அவள் போய்ப் பார்க்கும்போது முகத்தை மூடியிருந்தார்கள். இன்றைக்கும் அதைச் சொல்லி அழுவாள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பார்த்துவிட்டுத்தான் இதையும் செய்தேன். மண்டபம் பேசியாயிற்று, லண்டனில் இருந்து மாமா குடும்பம் வெளிக்கிட்டாயிற்று என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மையான காரணம் அது இல்லை. கதவடியில் வைத்த கோர்ன் பிளேக்ஸ் கோப்பைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. போனால் இனி வரமாட்டாள் என்று பயந்தேன்.

பொன்னுருக்கின் முறை உனக்குத் தெரியும். தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்கிவிட்டால் பிறகு கலியாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஆளையாள் பார்க்கவும் கூடாது. உருக்கிவிட்டால் எல்லாம் கட்டுக்குள் வந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். புதன்கிழமை நகைக்கடைப் பத்தர் வந்தார். புகை மணி அடித்து முழுக் கட்டிடமும் இறங்கி ஓடாமல் இருக்க, அப்பா கதிரையில் ஏறி அதற்கு என்னுடைய குளிக்கிற தொப்பியைப் போட்டுக் கட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நெருப்பில் அந்தப் பொன் முதலில் சோர்ந்து, பிறகு ஒரு துளி வெளிச்சமாகத் திரண்டது. நீ குனிந்து பார்த்தாய், உன் முகமெல்லாம் மஞ்சள். நான் பிள்ளையார் படத்தின் பக்கம் பார்க்கவில்லை.

பின்னேரம் பலகாரத் தட்டத்தோடு நான் பொம்பிளை வீட்டுக்குப் போனேன். பேஸ்மென்றின் சின்ன யன்னலுக்கு வெளியே ஆட்களின் கால்கள் மட்டும் போய்வந்தன. மரிசெல் கட்டிலில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். "அன்ரி, எனக்கு ஆராவது எடுத்தவையா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பரவாயில்லை அன்ரி" என்று சொல்லி, ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்துக் கடித்து, நல்லாயிருக்கு என்றாள். இன்னும் இரண்டு நாள் இருந்தது தம்பி. வியாழன் இருந்தது, வெள்ளி இருந்தது. ரெலிபோன் என் குசினியில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

கலியாணத்துக்குப் பிறகு அணியின் பெயர்கள் வந்தன. அதில் அவள் இல்லை. தன்னை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். நீ பந்தைத் தூக்கிக்கொண்டு வா போவோம் என்றபோது வேண்டாம் என்றாள். எங்களோடு இருந்த அந்த ஒரு வருஷமும் பந்து என் அலுமாரிக்கு மேலேதான் இருந்தது. ஆனால் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது ஒவ்வொரு நாளும் கேட்பாள்: "எனக்கு ஆராவது எடுத்தவையா?" அது அவளுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது என்று நீ பகிடி பண்ணுவாய். நான் சட்டியைக் கிண்டிக்கொண்டு நிற்பேன். நீங்கள் தனியே போனபோது பந்தை விட்டுவிட்டுப் போனாள். ஒரு நாள் தூசி தட்ட எடுத்தேன், விரல் அமத்த உள்ளே போனது. அன்றைக்கே போய் பம்பும் ஊசியும் வாங்கி வந்தேன். மாதம் ஒரு தரம் காற்றடிக்கிறேன். "உதுக்கேன் காத்தடிக்கிறாய்? நீயே விளையாடப் போறாய்?" என்று அப்பா கேட்டார். "ஓம்" என்றேன். அவரிடமும் இன்றைக்குக் காலையில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், இரண்டு மணித்தியாலம் கழித்து வந்து, "எழுது" என்றார்.

போன பனிக்காலம் அவள் சனிக்கிழமைகளில் சேர்ச் மண்டபத்தில் மற்றப் பிலிப்பீனோப் பெண்களோடு விளையாடத் தொடங்கினாள். ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். முழங்காலில் பட்டி கட்டியிருந்தாள், முன்னைப்போல் வேகம் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் பார்த்து அந்தப் பக்கம் கொடுக்கிற அந்தக் கை அப்படியே இருந்தது. கசெட்டில் சத்தமில்லாமல் பார்த்ததை அன்றைக்குச் சத்தத்தோடு பார்த்தேன். திரும்பி வரும்போது காரில் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நித்திரையாகிப் போனாள். நீ கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டினாய். ஆகவே அவளுக்கு இது எவ்வளவு பெரிது என்பது உனக்குத் தெரியாது என்று என்னிடம் சொல்லாதே. உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பயப்படுகிறாய். அது என்னுடைய பயம், உனக்கு நான் கொடுத்த சொத்து. அதைத் திருப்பித் தந்துவிடு.

அந்தச் சிவப்பு ஜக்கெட்காரி உன்னை ஏன் கட்டினாள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நீ பெரிய அழகன் இல்லை, அப்பாவின் மூக்கு வேறு. அவள் எறிந்தாள், நீ எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாய். குளிரில், ஒவ்வொரு நாளும், கையில் வைத்துக்கொண்டு நிற்காமல். அவ்வளவுதான் நீ செய்தது. அதற்காகத்தான் அவள் மணிலாவை விட்டு உன்னிடம் வந்தாள். அவளாகத்தான் வந்தாள், நான் கட்டிப்போட்டதால் இல்லை. நான் அந்தத் தாளைக் கொடுத்திருந்தாலும் வந்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அதை அறிகிற வழியை நானே அடைத்துவிட்டேன்.

கலண்டர் தாளை இதோடு வைத்திருக்கிறேன். மை மங்கிவிட்டது, ஓரத்தில் மாக் கை பட்ட அடையாளம் இருக்கிறது. கடிதத்தையும் தாளையும் அவளிடம் கொடு. எனக்காக நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், பரிந்து பேசவும் வேண்டாம். குடிபூரலுக்குப் பால் காய்ச்ச நான் வரவேண்டுமா, வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். வேண்டாம் என்றால் தெஸி காய்ச்சட்டும். நான் இங்கேயே யன்னலடியில் இருந்து நினைத்துக்கொள்வேன். அப்பா வியாழக்கிழமை வேலை முடிந்து அந்தப் பக்கம் வருவார், பந்தைக் கொண்டுவருவார். நேற்றும் அமத்திப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கிறது.

கடிதம் புதன்கிழமை உன் கைக்கு வரும். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும். எனக்கும் அன்றைக்கு இரண்டு நாள் இருந்தது. பின்னேரம் அவள் வேலையால் வருவாள். கதவடியில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, பழக்கத்தில், உன்னைப் பார்க்காமலே கேட்பாள், எனக்கு ஆராவது எடுத்தவையா என்று.

ஓம் என்று சொல்.

அம்மா